கடலோரக் கிராமங்களில் மோட்டார் ஷட்டர்: தேர்ந்தெடுக்கும் முறை

டிராக்டர் கொட்டகைக்கும், விதைக் கிடங்குக்கும், பஞ்சாயத்தின் பொதுக் கட்டடங்களுக்கும் மரக் கதவுக்குப் பதிலாக ஷட்டர் எனப்படும் இரும்புச் சுருட்டுக் கதவு போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அக்கதவைக் கையால் தூக்காமல், பொத்தானை அழுத்தித் திறக்கவும் மூடவும் உதவும் மோட்டாரும் நகரத்துக் கார் கொட்டகைகளிலிருந்து மெல்ல மெல்லக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நாகப்பட்டினம், கடலூர், ராமநாதபுரம், தூத்துக்குடி முதலிய கடலோர மாவட்டங்களில் இதனை வாங்க விரும்பும் விவசாயிகளும், வாங்குவதற்குத் தீர்மானம் போடும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் கடைக்காரரிடம் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றே: "எத்தனை கிலோ தூக்கும்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், வெப்பமும் ஈரமும் சேர்ந்திருக்கும் நம் கடற்கரையில் அது போதாது. இங்கே மோட்டாரைக் கெடுப்பவை ஈரம், உப்பு, சூடு, குறைந்த மின்னழுத்தம் ஆகிய நான்குமே. இவற்றைக் கருதாமல் வாங்கிய சாதனம், எத்தனை கிலோ தூக்குவதாயினும், இரண்டொரு மழைக்காலத்தில் ஓய்ந்துவிடும்.

காற்றில் உள்ள பகை

இரும்பு துருப்பிடிக்க மழையில் நனைய வேண்டுவதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைக் கடந்தாலே போதும். அழுக்கும் தூசியும் படிந்த இரும்பின்மேல் கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலம் ஒன்று உண்டாகித் துரு விரைவாக வளரத் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கடலோரத்தில் காலை வேளை ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் நாட்களே மிகுதி. இதனோடு உப்பும் சேர்கிறது. சாதாரணச் சமையலுப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். கடலுப்போடு கலந்து வரும் மெக்னீசியம் குளோரைடு என்னும் உப்போ சுமார் 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். ஆகையால், கடற்காற்றுக் கொண்டுவந்து படியவைத்த உப்பு, சித்திரை வெயிலிலும் முற்றிலும் உலர்வதில்லை. உப்பளங்களை அடுத்த ஊர்களில் ஜன்னல் கம்பி எத்துணை விரைவில் பொரிந்து போகிறது என்பதை அவ்வூரார்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

கவனிக்க வேண்டிய மற்றொன்று தகரக் கூரை. பகலில் வெயில் பட்டுக் கை வைக்க முடியாதவாறு அது சுடுகிறது. கூரைக்குக் கீழே தங்கும் காற்று, தரை மட்டத்துக் காற்றைக் காட்டிலும் பல டிகிரி மிகுதியாகக் காய்கிறது. இரவில் அதே தகரம் விரைவாகக் குளிர்ந்து, விடியற்காலையில் அதன் அடிப்புறத்தில் நீர் கோத்துச் சொட்டுகிறது. மோட்டார் வைக்கப்படும் இடமோ பெரும்பாலும் கூரையின் அருகில்தான். பகலெல்லாம் அடுப்பிலும், விடியற்காலையில் பனித்துளியிலும் அது இருக்கிறதென்றே சொல்லலாம்.

கிடங்கில் உரமூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உரத்தூள் ஈரத்தை ஈர்த்துத் துத்தநாகப் பூச்சையும் இரும்பையும் அரிக்கும். உரமூட்டைகளைக் கதவோரத்தில் அடுக்காமல் உள்ளே தள்ளி, மரப்பலகை மேல் அடுக்குவது உரத்துக்கும் நல்லது, கதவுக்கும் நல்லது.

முதலில் கதவு, பிறகு மோட்டார்

கையால் எளிதில் தூக்க முடியாத கதவை மோட்டார் மட்டும் எளிதாகத் தூக்கிவிடும் என்று எண்ணுவது தவறு. சரியாகப் பொருத்தப்பட்ட ஷட்டரில் மேலுள்ள ஸ்பிரிங்குகளே கதவின் பளுவில் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. அப்படிப்பட்ட கதவைப் பாதி உயரத்துக்குத் தூக்கிக் கையை எடுத்தால் அது பெரும்பாலும் அங்கேயே நிற்கும். தடதடவென்று கீழே விழுந்தாலோ, தானே மேலே ஏறினாலோ ஸ்பிரிங்கின் முறுக்கு சரியில்லை. இந்தச் சோதனைக்குச் செலவில்லை. மோட்டார் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே இதனைச் செய்து பார்த்தல் வேண்டும்.

இந்தியத் தர நிறுவனம் ஷட்டர்களுக்கென வகுத்துள்ள ஐ.எஸ். 6248 என்னும் தரக்கட்டளையின்படி, கையால் தூக்கும் ஷட்டர் பந்து பேரிங் இல்லாமல் 8 சதுர மீட்டர் வரையிலும், பந்து பேரிங்குடன் 12 சதுர மீட்டர் வரையிலும் அமையலாம். அதற்கு மேற்பட்டால் பல்சக்கரமும் சங்கிலியும் கொண்ட அமைப்பு வேண்டும். 3 மீட்டர் அகலமும் 3.3 மீட்டர் உயரமும் உள்ள டிராக்டர் கொட்டகைக் கதவின் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். எனவே நல்ல பேரிங் போட்டால் மோட்டாரே இல்லாமல் ஒருவர் தூக்கிவிடலாம். காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் மட்டுமே திறக்கும் கொட்டகைக்குக் கைச்சங்கிலி போதும் என்பதே நமது கருத்து. வயது முதிர்ந்தவரோ, பெண்மணி ஒருவரோ தனித்து நின்று கிடங்கைத் திறந்து மூட வேண்டியிருக்கும்பொழுதும், அறுவடை இயந்திரம் நுழையத்தக்க பெரிய வாயில்களிலும், நாளில் பலமுறை வண்டிகள் வந்து போகும் கொள்முதல் இடங்களிலும் மோட்டார் உண்மையிலேயே உதவும்.

தகட்டின் கனத்தைப் பற்றிச் சிறிது. பட்டறைக்காரர் 20 கேஜ் என்பது சுமார் 0.9 மில்லிமீட்டர், 18 கேஜ் என்பது சுமார் 1.2 மில்லிமீட்டர். 3.5 மீட்டர் அகலம் வரையில் முன்னது தகும். அதற்கு மேல் பின்னதே வேண்டும். கனத்தைக் காட்டிலும் கடலோரத்தில் பெரிதும் முக்கியமானது துத்தநாகப் பூச்சின் அளவு. இரு பக்கமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 120 கிராம் பூசிய தகட்டில், ஒரு பக்கத்துப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 8 பங்கே. 275 கிராம் பூசியதில் அது ஏறத்தாழ 19 பங்கு. துத்தநாகம் மெல்ல மெல்லத் தேய்ந்து இரும்பைக் காப்பதாதலால், பூச்சு இரண்டு மடங்கானால் காக்கும் காலமும் அவ்வளவு நீளும். கண்ணால் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்துவது கடினம். ஆகையால் பூச்சின் எடையை ஒப்பந்தப்புள்ளியில் எழுத்து மூலம் கேட்க வேண்டும், "ஜி.ஐ. தகடு" என்று மட்டும் எழுதிவிட்டால் மெல்லிய பூச்சுத் தகடே வந்து சேரும்.

பக்கத்திலுள்ள கைடு எனப்படும் காடி, 3.5 மீட்டர் அகலம் வரை 65 மில்லிமீட்டரும், அதற்கு மேல் 8 மீட்டர் வரை 75 மில்லிமீட்டரும் ஆழம் இருத்தல் வேண்டும். ஆழம் குறைந்தால் புயற்காற்றில் கதவு வில்போல் வளைந்து காடியை விட்டு வெளியே வந்துவிடும். காடியின் அடி நிலத்தில் புதைந்து நீர் தேங்குமானால், முதலில் அழுகுவது அந்த இடமே. அங்கே நீர் வடிய வழி விட வேண்டும்.

எந்த வகை மோட்டார்?

அமெரிக்கா போன்ற நாடுகளில் கார் கொட்டகைக் கதவுகள் பல பலகைகளாக மடிந்து கூரைக்கடியில் சென்று படுப்பவை. அவற்றுக்குரிய மோட்டார் கொட்டகையின் நடுவே உத்தரத்திலிருந்து தொங்கும். நம் ஷட்டருக்கு அது பொருந்தாது. பொருந்தினாலும், தகரக் கூரைக்கு மிக அருகில் தொங்கவிடுவது அறிவுடைமையாகாது. இங்கே கிடைப்பவற்றுள் மூன்று வகைகள் கருதத்தக்கவை. குழாய்த் தண்டின் உள்ளேயே அடங்கும் குழாய் மோட்டார், சிறிய இலேசான கதவுகளுக்கு உரியது. நாலாபுறமும் மூடிய குழாய்க்குள் கிடப்பதால் அதன் சூடு எளிதில் வெளியேறாது. தண்டின் நடுவில் பொருத்தும் நடு மோட்டார், ஸ்பிரிங் சரியாக முறுக்கேறிய கதவையே நம்பி வேலை செய்வது. பழுது பார்க்க வேண்டுமானால் சுருள் முழுவதையும் எட்டிப் பிடித்தாக வேண்டும். சுவரோரத்தில் தண்டின் ஒரு முனையில் நின்று, சங்கிலியாலும் பல்சக்கரத்தாலும் தண்டைச் சுழற்றும் பக்க மோட்டார் மூன்றாவது. இதற்குக் காற்றோட்டம் உண்டு. ஏணி போட்டு எட்டலாம். இதனோடு தொங்கும் கைச்சங்கிலியால் மின்சாரம் இல்லாதபொழுதும் கதவைத் திறக்கலாம். கிராமக் கொட்டகைக்கும் கிடங்குக்கும் பக்க மோட்டாரையே நாம் பரிந்துரைக்கிறோம்.

பளுக் கணக்கு எளிது. 0.9 மில்லிமீட்டர் தகட்டாலான ஷட்டர், மடிப்புகளையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 10 முதல் 12 கிலோ வரை இருக்கும். மேற்சொன்ன 10 சதுர மீட்டர்க் கதவு, அடிச்சட்டத்தையும் சேர்த்து 120 கிலோ அளவில் நிற்கும். இதற்கு 300 கிலோ என்று குறித்த மோட்டார் தாராளமாகப் போதும். இரு மடங்குக்கு மேல் ஏன் என்று கேட்கலாம். துருவும் மணலும் சேர்ந்த காடியின் உராய்வும், மின்னழுத்தக் குறைவும் அந்த மிகுதியை உண்டுவிடும் என்பதே விடை.

மின்னழுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இவ்வகை மோட்டாரின் சுழற்றும் விசை, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுவது. 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட மோட்டாருக்கு 180 வோல்ட்டே கிடைத்தால், விசை பாதியை ஒட்டி, 100க்கு 61 பங்காகக் குறைந்துவிடும். கதவோ அதே கதவு. மோட்டார் திணறும், மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும், சூடேறும். இதில் மின்வாரியத்தின் பங்கு ஒருபுறமிருக்க, நம் கம்பியின் பங்கும் உண்டு. மீட்டரிலிருந்து 60 மீட்டர் தூரத்திலுள்ள கொட்டகைக்கு 1 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பி இழுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மோட்டார் புறப்படும் கணத்தில் 20 ஆம்பியர் இழுத்தால், கம்பியிலேயே 40 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். அதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பி போட்டால் இழப்பு 18 வோல்ட் அளவே. கம்பியில் மிச்சம் பிடித்த பணம் மோட்டார் மறுசுற்றுக் கூலியாகப் போய்ச் சேரும். எனவே, வாங்குவதற்கு முன் ஊரில் விளக்கெரியும் மாலை வேளையில், கொட்டகையிலேயே மின்னழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.

இலவச விவசாய இணைப்பு பாசனப் பம்புக்காகத் தரப்பட்டது. கொட்டகைக் கதவை அதில் இணைப்பது முறையன்று. மும்முனை மின்சார மோட்டார் வாங்குவோர்க்கு மற்றோர் எச்சரிக்கை உண்டு. மின்கம்ப வேலையின்போது இரண்டு முனைகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். ஏற வேண்டிய கதவு இறங்கும். கதவை உரிய இடத்தில் நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்சும் பயனற்றுப் போகும். முனை வரிசை மாறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி இல்லாமல் இவ்வகையைப் பொருத்தக் கூடாது.

சூட்டைப் பொறுத்தவரையில் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படித்தாலே பாதி உண்மை தெரியும். சுருளின் காப்பு "பி" வகையாயின் 130 டிகிரி செல்சியஸ் வரையிலும், "எஃப்" வகையாயின் 155 டிகிரி வரையிலும் தாங்கும். மோட்டார்களின் அளவைகள் சாதாரணமாகச் சுற்றுப்புறம் 40 டிகிரி என்று கொண்டு வகுக்கப்பட்டவை. அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கடியில் 40 டிகிரி என்பது தொடக்கம்தான். காப்பின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுக் கணக்கு. ஆகையால் "எஃப்" வகையையே கேட்டு வாங்குவது நலம். சூடு எல்லை மீறினால் தானே நின்று, ஆறியபின் மீண்டும் ஓடும் வெப்பக்காப்பும் மோட்டாருக்குள் இருத்தல் வேண்டும். ஷட்டர் மோட்டார்கள் தொடர்ந்து ஓடுவதற்கு ஏற்பட்டவை அல்ல. சில நிமிடம் ஓடி நெடுநேரம் ஓய்பவை. சிறுவர் விளையாட்டாகப் பொத்தானை அழுத்திப் பத்து முறை ஏற்றி இறக்கினால் மோட்டார் நின்றுவிடுவது பழுதன்று, அதன் தற்காப்பு.

ஈரத்துக்கும் தூசிக்கும் எதிரான காப்பை "ஐ.பி." என்னும் எழுத்துகளும் இரண்டு எண்களும் குறிக்கின்றன. முதல் எண் தூசியையும், இரண்டாம் எண் நீரையும் பற்றியது. 44 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் நுழையாது. தெறிக்கும் நீர் கெடுக்காது. 54 என்றால் தூசிக்கும் போதிய தடை உண்டு. 65 என்றால் தூசி அறவே நுழையாது. குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். கொட்டகைக்கு உட்புறம் அமையும் மோட்டாருக்கு 54உம், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் வெளியே வைக்கும் பொத்தானுக்கும் 65உம் கடலோரத்தில் தகும். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிவிடலாகாது. பகலில் சூடேறிய பெட்டிக்குள் காற்று விரிந்து வெளியேறும்; இரவில் குளிர்ந்து சுருங்குகையில் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். பெட்டி இவ்வாறு தினமும் மூச்சு விடுகிறது. உள்ளே குளிர்ந்து நீரான ஈரம் வெளியேற, அடியில் தயாரிப்பாளர் அமைத்த சிறு வடிதுளை இருந்தால் அதனை அடைத்துவிடக் கூடாது. மின்கம்பி பெட்டியின் அடிப்புறத்திலிருந்து, ஒருமுறை கீழே வளைந்து மேலேறி நுழைய வேண்டும். மேற்புறத்திலிருந்து நுழைந்தால் கம்பி வழியே வழியும் நீர் நேரே உள்ளே போகும். மோட்டாருக்கு மேலே, ஒரு சாண் இடைவெளி விட்டுச் சிறிய தகடொன்றைச் சாய்வாகப் பொருத்தினால் கூரையிலிருந்து சொட்டும் நீர் அதன்மேல் விழாது.

பல்லிக்கும் எறும்புக்கும் இந்த எண்கள் தெரியா. கம்பி நுழையும் துளையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பல்லி நுழைந்து இரு முனைகளைத் தொட்டுத் தானும் மாண்டு பெட்டியையும் எரித்துவிடும். எறும்பு தொடர்பு முனைகளுக்கிடையே கூடு கட்டும். குளவியோ காடியிலும் பூட்டுத் துளையிலும் மண் வைத்துப் பூசும். துளைகளுக்கு ரப்பர் வளையம் போடுவது சில நிமிட வேலை.

தூரத்திலிருந்து திறக்கும் ரிமோட் வேண்டுவோர், ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும் வகையையே கேட்க வேண்டும். மாறாத குறியீட்டை மற்றவர் எளிதில் படியெடுத்துவிடலாம். உரமும் விதையும் நிறைந்த பொதுக் கிடங்குக்கு ரிமோட் அவசியமா என்பதையே பஞ்சாயத்து முதலில் யோசிக்கட்டும்.

குழந்தைகளும் புயலும்

மோட்டாருக்குக் கண் இல்லை. இறங்கும் கதவின் அடியில் மூட்டை இருக்கிறதா, குழந்தை இருக்கிறதா என்று அது அறியாது. அமெரிக்காவில் குழந்தைகள் இவ்வாறு நசுங்கி இறந்ததன் விளைவாக, 1993 ஜனவரி 1 முதல் செய்யப்படும் வீட்டு உபயோகக் கதவு மோட்டார்கள் அனைத்திலும், இடையில் யாரேனும் அகப்பட்டால் கதவு திரும்பி ஏறுவதற்கான காப்பு இருக்க வேண்டுமென்று சட்டத்தால் விதிக்கப்பட்டது. ஒளிக்கற்றை ஒன்று வாயிலின் குறுக்கே தாழ்வாகச் செல்லும். எதுவாயினும் அதனை மறைத்தால் கதவு இறங்காது. நம் சந்தையில் இது பெரும்பாலும் தனிப் பொருளாகவே விற்கப்படுவதால், செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுதான். பள்ளிக்கு அருகிலும், குழந்தைகள் நடமாடும் தெருவிலும் உள்ள பொதுக் கட்டடத்தில் இது இல்லாமல் மோட்டார் ஷட்டரைப் பஞ்சாயத்து ஏற்றுக்கொள்ளலாகாது. அதற்குப் பணம் போதாதெனில், பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரையில் மட்டும் கதவு இறங்கும்படியான சுவிட்சைக் கதவு முழுதும் தெரியும் இடத்தில் வைத்து, ரிமோட்டை விட்டுவிட வேண்டும். ஒளிக்கற்றைக் கண்ணாடியில் உப்புப் படிந்தால் கதவு இறங்க மறுக்கும். அவ்வேளையில் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தலே செய்ய வேண்டியது. கருவியைக் கழற்றிப் போடுதல் அன்று.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மரங்களை அகற்றவும், நீரை இறைக்கவும் டிராக்டர் தேவைப்பட்ட நாட்கள் அவை. அத்தகைய நாளில் மின்சாரமின்றித் திறவாத கதவு, மூடிய சுவரே ஆகும். கைச்சங்கிலி உள்ள மோட்டாரை வாங்கினோம் என்று திருப்தியடைபவர்களும் ஒன்றைக் கவனிப்பதில்லை. சங்கிலி தொங்குவது கொட்டகையின் உள்ளே. கொட்டகைக்கு அந்த ஷட்டர் தவிர வேறு வழி இல்லாவிட்டால், வெளியே நிற்பவர் சங்கிலியை எட்டுவது எப்படி? ஆள் நுழையத்தக்க சிறு கதவொன்று பக்கச் சுவரில் இருக்க வேண்டும். அல்லது பூட்டுடன் கூடிய விடுவிப்பு அமைப்பு வெளிச்சுவரில் இருக்க வேண்டும். கட்டடத்துக்கு வரைபடம் போடும்பொழுதே இதனைச் சேர்த்துவிட்டால் செலவு மிகச் சிறிது. மின்கலத்தால் இயங்கும் மாற்று ஏற்பாடும் உண்டு. ஆயினும் ஈய அமில மின்கலத்தின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாவதால், தகரக் கொட்டகையில் அதனைக் கைச்சங்கிலிக்கு மாற்றாக நாம் கருதுவதில்லை.

ஒப்பந்தமும் பராமரிப்பும்

ஒப்பந்தப்புள்ளி கோரும்பொழுது துத்தநாகப் பூச்சின் எடை, தகட்டின் கனம், மோட்டார்க் காப்பின் வகை, "ஐ.பி." எண், வெப்பக்காப்பு, ஒளிக்கற்றை, கைச்சங்கிலி ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் குறித்து எழுத வேண்டும். கதவையும் மோட்டாரையும் ஒருவரிடமே ஒப்படைப்பது நல்லது. இருவரிடம் பிரித்துக் கொடுத்தால், பழுது நேரும்பொழுது கதவுக்காரர் மோட்டாரைக் குறை கூறுவார், மோட்டார்க்காரர் கதவைக் குறை கூறுவார். போல்ட்டும் ஆணியும் கூடக் கவனிக்கத் தக்கவை. கடலுக்கு மிக அருகில் 304 வகைத் துருவேறா எஃகிலும் பழுப்புக் கறை படியும். 316 வகை மேலும் தாங்கும். பணம் கொடுக்குமுன், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஊரில் சாதாரண வலுவுள்ள ஒருவரைக் கொண்டு சங்கிலியால் கதவைத் திறந்து மூடச் சொல்லிப் பார்க்க வேண்டும். கதவின் வழியில் ஒரு காலி மரப்பெட்டியை வைத்து ஒளிக்கற்றை வேலை செய்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர்க் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பும் பொருத்தப்பட்டிருப்பதை நேரில் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

பழைய எஞ்சின் எண்ணெயைக் காடியில் ஊற்றுவது பல ஊர்களில் வழக்கம். அது மணலைப் பிடித்து அரைமாவாக்கும். காடியை உலர்ந்த துணியால் துடைத்து வெறுமையாக விடுவதே நன்று. கிரீஸ் பேரிங்குக்கும் சங்கிலிக்கும் மட்டும் உரியது. கடற்காற்று நேரே படும் கதவை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி உப்பை நீக்க வேண்டும்; அப்பொழுது மோட்டார் மேலும் பெட்டி மேலும் நீரைப் பீய்ச்சலாகாது. புரட்டாசி பிறந்ததும், மழை தொடங்குமுன், மின்சாரத்தைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்து எறும்பும் ஈரமும் உண்டா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். கதவைக் கைச்சங்கிலியால் ஒருமுறை முழுதும் ஏற்றி இறக்கி, அந்தத் தேதியைப் பஞ்சாயத்துப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும்.